செம்பெருமீன் கிளையின் நுனி எவ்வளவு பிரகாசமானது?

கடந்த சில மாதங்களாக மாலை நேரங்களில் நான் ஈடுபட்டுவரும் ஒரு வேலையைப் பற்றி விரிவாக எழுத வேண்டும் என்று எண்ணிக்கொண்டிருந்தேன். யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்று திறந்துவிடப்பட்டிருக்கும் விண்மீன் பட்டியல்களைத் தரவிறக்கி, அவற்றிலிருந்து வயதான சிவப்புப் பெருமீன்களைப் பிரித்தெடுத்து, அவற்றின் பிரகாசம் எந்த அளவில் திடீரென்று நின்றுபோகிறது என்று தேடுவதுதான் அந்த வேலை. பத்திரிகைகள் 'சிவப்பு ராட்சத விண்மீன்' என்று எழுதுவதை நான் இங்கே செம்பெருமீன் என்றே குறிப்பிடுகிறேன். பிரகாசம் நின்றுபோகும் அந்த இடத்துக்கு வானியலாளர்கள் வைத்திருக்கும் பெயர், செம்பெருமீன் கிளையின் நுனி. பிரபஞ்சம் இன்று எவ்வளவு வேகமாக விரிகிறது என்ற கேள்விக்கு விடை தேடும் வழிகளுள் இந்த நுனியும் ஒன்று. நுனி இயல்பில் எவ்வளவு பிரகாசமானது என்று தெரிந்தால், அது எவ்வளவு மங்கலாகத் தெரிகிறது என்பதிலிருந்து விண்மீன் மண்டலங்களின் தொலைவைக் கணக்கிடலாம். நுனி எப்படி உண்டாகிறது என்பதை விளக்கப் பல நல்ல கட்டுரைகள் உண்டு. ஆனால் அதன் பிரகாசத்துக்கு ஓர் எண்ணை எப்படிச் சூட்டுகிறார்கள், அந்த எண்ணில் ஏன் இத்தனை கருத்து வேறுபாடு என்பதைப் பற்றித் தமிழில் நான் விரிவாகப் படித்ததில்லை. அளவுத்திருத்தம் என்ற அந்தப் பகுதிதான் என்னை இத்தனை மாதங்கள் கட்டிப்போட்டது.

முதலில், எவ்வளவு நுட்பமான எண்ணைப் பற்றிப் பேசுகிறோம் என்று சொல்லிவிடுகிறேன். விண்மீன்களின் பிரகாசத்தைப் பொலிவெண் என்ற அளவையால் குறிக்கிறோம். ஐந்து பொலிவெண் வித்தியாசம் என்றால் ஒளியில் நூறு மடங்கு வித்தியாசம். எண் கூடக் கூட ஒளி மங்கும். பிரபஞ்சத்தின் இளமைக்கால ஒளியை அளந்த பிளாங்க் விண்கலத்தின் தரவு, இன்றைய விரிவு வேகம் ஒரு மெகாபார்செக் (சுமார் 32.6 லட்சம் ஒளியாண்டு) தொலைவுக்கு நொடிக்கு 67.4 கிலோமீட்டர் என்று கணிக்கிறது. சீராகத் துடிக்கும் செஃபீடு விண்மீன்களையும் வெடித்துச் சிதறும் சூப்பர்நோவாக்களையும் கொண்டு ஆடம் ரீஸ் தலைமையிலான குழு 2022இல் வெளியிட்ட மதிப்பு 73.04. இந்த விரிவு வேகத்துக்கு ஹபிள் மாறிலி என்று பெயர். ஹபிள் மாறிலிச் சிக்கல் என்று உலகமெங்கும் பேசப்படுவது இந்த இரண்டு எண்களுக்கும் இடையிலுள்ள இடைவெளியைத்தான். அதையே பொலிவெண்ணாக மாற்றிக் கணக்கிட்டால் சுமார் 0.17 வருகிறது. அதாவது, தொலைவை அளக்கப் பயன்படும் விளக்குகளின் பிரகாசத்தை எல்லாரும் ஒரே பக்கமாக 17 விழுக்காடு தவறாக மதிப்பிட்டிருந்தால், இந்தச் சிக்கலே இல்லாமல் போய்விடும். செம்பெருமீன் நுனியைப் பற்றி ஆய்வாளர்களுக்கு இடையே உள்ள வேறுபாடு ஏறத்தாழ 0.08 பொலிவெண். மொத்தச் சிக்கலில் பாதிக்குச் சற்றுக் குறைவான அளவு இந்த ஒரே எண்ணுக்குள் அடங்கிக் கிடக்கிறது.

நுனி என்று ஒன்று இருப்பதற்கே காரணம் விண்மீனின் உள்ளகத்தில் நடக்கும் ஓர் அருமையான நிகழ்வு. சூரியனின் நிறையை ஒத்த, அல்லது அதைப்போல் இரண்டு மடங்குக்குள் அடங்கும் விண்மீன் ஒன்று தன் மையத்திலுள்ள ஹைட்ரஜனை எரித்து முடித்த பிறகு, அங்கே ஹீலியம் சாம்பலைப்போலத் தங்கிவிடுகிறது. அந்தச் சாம்பலைச் சுற்றியுள்ள மெல்லிய ஓட்டில் ஹைட்ரஜன் தொடர்ந்து எரிய, விண்மீன் வீங்கிச் சிவந்து, ஒவ்வொரு நாளும் முந்தைய நாளைவிடப் பிரகாசமாகிறது. உள்ளகத்தின் அடர்த்தி மிகக் கூடிவிடுவதால், அங்கே விண்மீனைத் தாங்கி நிற்பது வெப்பத்தால் வரும் அழுத்தம் அல்ல. இதற்குமேல் நெருக்க முடியாது என்று எலக்ட்ரான்கள் காட்டும் எதிர்ப்பே அதைத் தாங்கி நிற்கிறது. இந்த நிலையில் வெப்பம் கூடினாலும் உள்ளகம் விரிந்து குளிர்வதில்லை. உள்ளகத்தின் நிறை சூரிய நிறையில் ஏறத்தாழ 0.48 பங்கை எட்டி, வெப்பநிலை பத்துக் கோடி கெல்வினை நெருங்கும்போது ஹீலியம் பற்றிக்கொள்கிறது. விரிந்து தணிய வழியில்லாததால் எரிதல் எரிதலை வளர்த்துக் கட்டுமீறுகிறது. ஹீலியம் ஃபிளாஷ் என்று அழைக்கப்படும் இந்த வெடிப்பின் உச்சத்தில் சில நொடிகளுக்கு ஒரு முழு விண்மீன் மண்டலத்தின் ஒளிக்கு இணையான ஆற்றல் உள்ளே பிறக்கிறது. ஆனால் வெளியிலிருந்து பார்க்கும் எவருக்கும் அது தெரிவதில்லை. உள்ளகத்தை இளக்கி விரிப்பதிலேயே அந்த ஆற்றல் முழுவதும் செலவாகிவிடுகிறது. நமக்குத் தெரிவதெல்லாம், அதுவரை ஏறிக்கொண்டே வந்த விண்மீன் ஏறுவதை நிறுத்திவிட்டுப் பல மடங்கு மங்கிக் கீழே இறங்குவது மட்டுமே.

இதில் அளவைக்கு உதவும் செய்தி ஒன்று இருக்கிறது. வெடிப்புக்கு முன் விண்மீன் எவ்வளவு பிரகாசமாக இருக்கும் என்பதை முடிவு செய்வது உள்ளகத்தின் நிறையே தவிர, விண்மீனின் மொத்த நிறை அன்று. உள்ளகத்தின் நிறையோ எல்லா விண்மீன்களிலும் கிட்டத்தட்ட ஒரே அளவை எட்டியதும் வெடிப்பைத் தூண்டிவிடுகிறது. ஆகவே பத்து பில்லியன் ஆண்டு வயதுள்ள விண்மீனும் ஆறு பில்லியன் ஆண்டு வயதுள்ள விண்மீனும் ஏறத்தாழ ஒரே உயரத்தில், சூரியனைப்போல் 2000 மடங்குக்கும் அதிகமான ஒளியோடு, ஏற்றத்தை முடித்துக்கொள்கின்றன. எத்தனையோ வகையில் வேறுபடும் விண்மீன்கள் ஒரே படியில் வந்து நிற்கும் இந்தப் பண்பை முதன்முதலாகப் புரிந்துகொண்ட நாளில் எனக்கு ஏற்பட்ட வியப்பு இன்னும் குறையவில்லை.

இந்த ஒழுங்கு எல்லா நிறத்திலும் அப்படியே தெரியும் என்று நினைத்துவிடக் கூடாது. ஹீலியத்தைவிடக் கனமான தனிமங்கள் அனைத்தையும் வானியலாளர்கள் உலோகம் என்றே அழைப்பார்கள். உலோகம் கூடுதலாக உள்ள விண்மீன் நுனியில் மொத்தத்தில் சற்று அதிக ஒளியை உமிழ்கிறது. ஆனால் அதன் குளிர்ந்த வளிமண்டலத்திலுள்ள டைட்டானியம் ஆக்சைடு போன்ற மூலக்கூறுகள் கண்ணுக்குத் தெரியும் ஒளியின் பெரும்பகுதியை விழுங்கிவிடுகின்றன. சுமார் 800 நானோமீட்டர் அலைநீளத்தில் அமைந்த ஐ பட்டையில் இந்தக் கூடுதலும் கழிவும் பெரும்பாலும் ஒன்றையொன்று ஈடுகட்டுகின்றன. அதனால்தான் உலோகம் குறைந்த வயதான விண்மீன்களுக்கு அந்தப் பட்டையில் நுனி ஏறத்தாழ ஒரு கிடைக்கோடாகத் தெரிகிறது. பச்சை, மஞ்சள் ஒளியில் பார்த்தால் அது கீழே சரியும். அகச்சிவப்பில் பார்த்தால் மேலே சாயும். ஹபிள் தொலைநோக்கி இந்த வேலைக்கு ஐ பட்டையை ஒத்த வடிகட்டியை விரும்பிப் பயன்படுத்தியதற்கு இதுவே காரணம்.

வால்டர் பாடே 1944இல் வெளியிட்ட கண்டுபிடிப்பு இந்தக் கதையின் தொடக்கம் என்று சொல்லலாம். போர்க்கால இருட்டடிப்பால் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தின் விளக்குகள் அணைந்திருந்த இரவுகளில், வில்சன் மலையிலுள்ள 100 அங்குலத் தொலைநோக்கியோடு சிவப்பு ஒளியை உணரும் புகைப்படத் தட்டுகளைப் பொருத்தி, ஆன்ட்ரொமீடா மண்டலத்தின் நடுப்பகுதியையும் அதன் துணை மண்டலங்களையும் அவர் தனித்தனி விண்மீன்களாகப் பிரித்துக் காட்டினார். அதுவரை வெறும் புகைபோலத் தெரிந்த இடத்தில் சிவப்பு விண்மீன்கள் ஒரே நேரத்தில், ஒரே பிரகாசத்தில் கூட்டமாக வெளிப்பட்டன. இன்று நாம் நுனி என்று அழைப்பதை அந்தத் தட்டுகள் பிடித்துவிட்டன. அதே பாடே 1952இல், செஃபீடு விண்மீன்களில் இருவகை உண்டு என்றும், அதுவரை அவை ஒன்றாகவே எண்ணப்பட்டதால் மண்டலங்களின் தொலைவுகள் எல்லாம் பாதியாகக் கணக்கிடப்பட்டுவிட்டன என்றும் அறிவித்தார். ஒரு விளக்கின் அளவுத்திருத்தம் பிழைத்ததால் பிரபஞ்சத்தின் அளவே பாதியாகிப்போனது. அளவுத்திருத்தம் சலிப்பூட்டும் வேலை என்று யாரேனும் சொல்லும்போதெல்லாம் எனக்கு இந்த 1952தான் நினைவுக்கு வரும்.

நுனியை எண்ணாக மாற்றும் இன்றைய முறை 1993இல் வந்தது. லீ மியுங்-க்யூன், வெண்டி ஃபிரீட்மன், பாரி மடோர் ஆகிய மூவரும் விண்மீன்களின் எண்ணிக்கையைப் பொலிவெண் வாரியாக வரைந்து, அந்த வரைபடத்தின்மேல் சோபெல் வடிகட்டியை ஓட்டினார்கள். படங்களில் விளிம்புகளைக் கண்டறியக் கணினித் துறையில் பயன்படும் எளிய கருவி அது. மங்கலான பக்கத்தில் விண்மீன்கள் நிறைந்திருக்கும். நுனியைத் தாண்டியதும் எண்ணிக்கை சட்டென்று விழும். அந்த வீழ்ச்சி எங்கே மிகச் செங்குத்தாக இருக்கிறதோ அங்கே வடிகட்டி ஓர் உச்சத்தைக் காட்டும். ஆக, நாம் அளப்பது எந்த ஒரு தனி விண்மீனின் பிரகாசத்தையும் அல்ல. ஒரு கூட்டத்தின் விளிம்பு எங்கே இருக்கிறது என்பதையே அளக்கிறோம். இந்த ஒரு வேறுபாட்டை நான் சரியாக உள்வாங்கிக்கொள்ளப் பல வாரங்கள் பிடித்தன.

நம் பால்வீதிக்கு அருகிலுள்ள சிறிய விண்மீன் மண்டலமான பெரிய மெகல்லன் மேகத்தின் விண்மீன்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து படமெடுத்த ஓகிள் திட்டத்தின் மூன்றாம் கட்டப் பட்டியலில் சுமார் மூன்றரைக் கோடி விண்மீன்கள் உள்ளன. அவற்றிலிருந்து சிவப்பானவற்றைப் பிரித்து, எண்ணிக்கை வரைபடத்தை வரைந்து, வடிகட்டியை ஓட்டியபோது, 14.6க்கு அருகில் அழகான ஓர் உச்சம் எழுந்தது. அந்த மாலையில் எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி மறுநாள் வரை நீடித்தது. மறுநாள்தான் வரைபடத்தின் இரைச்சலைக் குறைக்க நான் பயன்படுத்திய மென்மையாக்கல் அகலத்தை மாற்றிப் பார்த்தேன். அகலத்தைக் கூட்டியபோது உச்சம் ஒரு பக்கம் நகர்ந்தது. குறைத்தபோது ஒன்றுக்கு இரண்டாகப் பிளந்தது. நிறத்தை வைத்து விண்மீன்களைப் பிரிக்க நான் கீறிய கோட்டைச் சற்றுத் தள்ளினாலும் நகர்ந்தது. நகர்வு நூறில் சில பங்குகள்தாம். ஆனால் மேலே சொன்ன கணக்கை நினைத்துப் பாருங்கள்: 0.05 பொலிவெண் நகர்ந்தால் தொலைவு 2.3 விழுக்காடு மாறும். ஹபிள் மாறிலி ஏறத்தாழ 1.6 மாறும். என் நிரலில் ஒரு வரியை மாற்றுவதற்கும் பிரபஞ்சத்தின் விரிவு வேகம் மாறுவதற்கும் இடையிலான தூரம் இவ்வளவுதான் என்று தெரிந்தபோது, அந்த வரியை எந்தக் காரணத்தால் நான் தேர்ந்தெடுத்தேன் என்பதை எழுதிவைக்கத் தொடங்கினேன்.

நுனியின் தோற்றப் பிரகாசம் தெரிந்துவிட்டால் பாதி வேலைதான் முடிந்தது. உண்மைப் பிரகாசம் தெரிய வேண்டுமானால், அந்தக் கூட்டம் எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்பது வேறொரு வழியில், விண்மீன்களின் பிரகாசத்தை நம்பாத வழியில், தெரிந்திருக்க வேண்டும். கோட்பாட்டிலிருந்தே உண்மைப் பிரகாசத்தைக் கணித்துவிடலாமே என்று கேட்கலாம். கணிக்க முடியும், ஆனால் உள்ளகத்திலிருந்து நியூட்ரினோக்கள் எடுத்துச்செல்லும் ஆற்றல், எலக்ட்ரான்கள் வெப்பத்தைக் கடத்தும் விதம், மொத்த ஒளியை ஒரு பட்டையின் ஒளியாக மாற்றும் கணக்கு ஆகிய ஒவ்வொன்றிலும் சிறு சிறு ஐயம் இருப்பதால், நமக்கு வேண்டிய துல்லியம் அங்கே கிடைப்பதில்லை. இதன் மறுபக்கம் சுவையானது. நுனியின் பிரகாசம் வடிவியலால் நன்றாக அளக்கப்பட்டுவிட்டால், அதை வைத்து ஆக்சியான் போன்ற, இன்னும் யாரும் பார்த்திராத துகள்கள் விண்மீனின் உள்ளகத்தைக் கூடுதலாகக் குளிர்விக்கின்றனவா என்று சோதிக்கலாம். அப்படிக் குளிர்வித்தால் வெடிப்பு தாமதமாகி நுனி இன்னும் பிரகாசமாகியிருக்கும். துகள் இயற்பியலாளர்கள் இந்தச் சோதனையை உண்மையிலேயே செய்துவருகிறார்கள்.

வடிவியலால் தொலைவு தெரிந்த இடங்கள் முக்கியமாக மூன்று. முதலாவது பெரிய மெகல்லன் மேகமே. கிரெகோர்ஸ் பியெட்ஜின்ஸ்கி தலைமையிலான குழு, ஒன்றையொன்று மறைத்துச் சுற்றும் 20 இரட்டை விண்மீன்களை அளந்து, அந்த மேகத்தின் தொலைவு 49.59 கிலோபார்செக் என்று 2019இல் வெளியிட்டது. பிழை சுமார் ஒரு விழுக்காடு. இத்தனை நல்ல தொலைவு கையிலிருக்கும்போது சண்டைக்கு இடமேது என்று தோன்றும். சண்டை வந்தது தூசியால்.

ஃபிரீட்மன் தலைமையிலான குழு 2019இல், இந்த மேகத்தின் நுனியைத் தூசி குறைந்த ஐ.சி. 1613, சிறிய மெகல்லன் மேகம் ஆகிய சிறு மண்டலங்களின் நுனிகளோடு பல பட்டைகளில் ஒப்பிட்டு, பெரிய மேகத்தின் தூசி ஐ பட்டையில் 0.16 பொலிவெண் ஒளியை மறைக்கிறது என்று கணித்தது. அதிலிருந்து நுனியின் உண்மைப் பொலிவெண் ஏறத்தாழ மைனஸ் 4.05 என்றும், ஹபிள் மாறிலி 69.8 என்றும் வந்தது. பிளாங்க் மதிப்புக்கும் செஃபீடு மதிப்புக்கும் நடுவில் அமைந்த அந்த எண் பெரும் கவனத்தை ஈர்த்தது. அதே ஆண்டில் யுவான் வென்லாங், ரீஸ் முதலானோர், அந்த ஒப்பீட்டுக்குப் பயன்பட்ட சில அளவீடுகளில் அருகருகே உள்ள விண்மீன்களின் ஒளி கலந்துவிட்டது என்று காட்டி, தூசியின் அளவு 0.10தான் என்றும், நுனி மைனஸ் 3.97 என்றும், மாறிலி 72.4 என்றும் எழுதினார்கள். தூசி குறைவு என்றால் நுனி இயல்பிலேயே சற்று மங்கலானது. நுனி மங்கலானது என்றால், அதே தோற்றப் பிரகாசத்தோடு தெரியும் மண்டலங்கள் நாம் எண்ணியதைவிட அருகில் இருக்கின்றன. அருகில் இருந்துகொண்டே அதே வேகத்தில் அவை விலகுகின்றன என்றால் விரிவு வேகம் கூடுகிறது. இரு தரப்பும் ஒரே மேகத்தை, ஒரே தொலைவை, ஏறத்தாழ ஒரே தோற்றப் பிரகாசத்தை வைத்துக்கொண்டு வாதிட்டன. இடையில் இருந்தது 0.06 பொலிவெண் தூசி. இந்த இரு கட்டுரைகளையும் அடுத்தடுத்து வைத்துப் படித்த நாளில், யார் பக்கம் சரி என்பதைவிட, இவ்வளவு சிறிய அளவைப் பற்றி இவ்வளவு கவனமாக வாதிட மனிதர்களால் முடிகிறதே என்பதுதான் எனக்குப் பெரிதாகப் பட்டது.

இரண்டாவது இடம் நம் பால்வீதியே. ஒமேகா சென்டாரி என்ற, விண்மீன்கள் பந்துபோல் நெருங்கித் திரண்ட மாபெரும் கோளக் கொத்தில் செம்பெருமீன்கள் ஏராளம். அதைக் கொண்டு மிக்கேலே பெல்லாட்சினியும் அவருடைய குழுவினரும் 2001இல் செய்த அளவுத்திருத்தம் நுனியின் பொலிவெண்ணை மைனஸ் 4.04 என்று தந்தது. அதில் கணிசமான ஐயம் இருந்ததை அவர்களே சொல்லியிருந்தார்கள். விண்மீன்களின் இடங்களை நுட்பமாக அளக்கும் கையா விண்கலம் வந்தபின், பூமி சூரியனைச் சுற்றும்போது விண்மீன் சற்றே இடம் மாறித் தெரியும் இடமாறு தோற்றத்தைக் கொண்டு நேரடியாகவே தொலைவை அளந்துவிடலாம் என்ற நம்பிக்கை பிறந்தது. நானும் அந்த நம்பிக்கையோடுதான் கையாவின் பட்டியலைத் திறந்தேன். ஒமேகா சென்டாரியின் இடமாறு கோணம் ஏறத்தாழ 0.19 மில்லி ஆர்க்நொடி. அதாவது ஒரு டிகிரியை 3600 ஆர்க்நொடிகளாக்கி, ஒவ்வோர் ஆர்க்நொடியையும் ஆயிரமாக்கி, அவ்வாறு வரும் துணுக்கில் ஐந்தில் ஒரு பங்கு. கையாவின் கருவிக்கே உரிய ஒரு சாய்வு இருக்கிறது. முடிவில்லாத தொலைவில் இருப்பதாகவே கொள்ளத்தக்க குவாசர்களுக்குக்கூட அது சுழி காட்டுவதில்லை. 2020இல் வெளியான தரவில் சராசரியாக மைனஸ் 0.017 மில்லி ஆர்க்நொடி காட்டுகிறது. ஒமேகா சென்டாரியின் கோணத்தோடு ஒப்பிட்டால் அது கிட்டத்தட்ட ஒன்பது விழுக்காடு. இந்தச் சாய்வு விண்மீனின் பிரகாசத்தைப் பொறுத்தும், நிறத்தைப் பொறுத்தும், வானத்தில் அதன் இடத்தைப் பொறுத்தும் மாறுகிறது. கையா குழு அதற்கு ஒரு திருத்தச் சூத்திரத்தையும் தந்திருக்கிறது. ஆனால் திருத்தத்துக்குப் பின்னும் எஞ்சி நிற்கும் பிழையே நமக்குத் தலைவலி.

இதன் விளைவை எண்களால் காட்டுகிறேன். அதே கையா தரவைக் கொண்டு 2021இல் ஒரு குழு ஒமேகா சென்டாரியின் தொலைவை 5.24 கிலோபார்செக் என்று கணித்து, அதிலிருந்து நுனி மைனஸ் 3.97 என்று முடிவு செய்தது. அதே ஆண்டில் ஹோல்கர் பவும்கார்ட்டும் யூஜின் வாசிலியேவும் பலவகைத் தொலைவு அளவீடுகளைச் சேர்த்துச் சராசரி எடுத்தபோது அந்தக் கொத்தின் தொலைவு 5.43 கிலோபார்செக் என்று வந்தது. இந்த இரு தொலைவுகளின் வித்தியாசத்தைப் பொலிவெண்ணாக மாற்றிப் பார்த்தேன்: 0.08க்கு மிக அருகில் வருகிறது. அதாவது முதல் தொலைவை எடுத்தால் மைனஸ் 3.97, இரண்டாவதை எடுத்தால் மைனஸ் 4.05. மெகல்லன் மேகத்தில் தூசியின் உருவில் வந்த அதே சண்டை, இங்கே கோணத்தின் உருவில் வந்து நிற்கிறது. இந்தக் கணக்கைத் தாளில் போட்டு முடித்தபின் வெகுநேரம் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாவது இடம் என்.ஜி.சி. 4258 என்ற மண்டலம். அதன் மையத்திலுள்ள மாபெரும் கருந்துளையைச் சுற்றி ஒரு மெல்லிய வட்டு சுழல்கிறது. அந்த வட்டிலுள்ள நீர் மூலக்கூறுகள் மேசராக, அதாவது நுண்ணலை லேசராக, ஒளிர்கின்றன. அவற்றின் வேகத்தையும், அந்த வேகம் ஆண்டுக்கு ஆண்டு மாறும் விதத்தையும், வானத்தில் அவை பரவியிருக்கும் கோணத்தையும் சேர்த்துப் பார்த்தால், வட்டின் உண்மை அளவும் தோற்ற அளவும் கிடைத்துவிடும். தொலைவு வெறும் வடிவியலாகிவிடும். மார்க் ரீட், டொமினிக் பெஸ்கே, ரீஸ் ஆகியோர் 2019இல் தந்த மதிப்பு 7.576 மெகாபார்செக், பிழை ஒன்றரை விழுக்காட்டுக்கு அருகில். மூன்று இடங்களுள் எனக்கு மிகவும் பிடித்தது இதுவே. மெகல்லன் மேகத்தின் நுனியைத் தரையிலுள்ள தொலைநோக்கிகளால் அளந்துவிட்டு, தொலைவிலுள்ள மண்டலங்களின் நுனியை விண்வெளித் தொலைநோக்கியால் அளந்தால், இரு கருவிகளையும் இணைக்கும் இடத்தில் ஒரு பிழை நுழைகிறது. என்.ஜி.சி. 4258இன் நுனியையோ, சூப்பர்நோவா வெடித்த மண்டலங்களின் நுனியையும் அளக்கும் அதே கருவியால், அதே வடிகட்டியால், அதே முறையால் அளக்கலாம். கருவியிலோ முறையிலோ ஒரு பொதுவான சாய்வு இருந்தால்கூட அது இரு பக்கமும் ஒன்றாக வந்து கழிந்துபோகும். எடைக்கல்லையும் பொருளையும் ஒரே தராசில் வைத்துப் பார்ப்பதற்கு இது ஒப்பாகும்.

ஆனால் கழிந்துபோக வேண்டுமானால், இரு பக்கமும் உண்மையிலேயே ஒன்றுபோல இருக்க வேண்டும். இங்கேதான் அண்மை ஆண்டுகளின் மிக முக்கியமான கேள்வி எழுகிறது என்பது என் எண்ணம். டான் ஸ்கோல்னிக் முதலானோர் 2023இல், நுனிக்குக் கீழே உள்ள விண்மீன்களின் எண்ணிக்கைக்கும் மேலே உள்ளவற்றின் எண்ணிக்கைக்கும் உள்ள விகிதத்தைக் கவனித்தார்கள். நுனிக்கு மேலேயும் விண்மீன்கள் இருப்பது ஏன் என்றால், ஒருமுறை இறங்கிய விண்மீன்கள் ஹீலியத்தையும் எரித்து முடித்தபின் மறுபடியும் ஏறுகின்றன. அவை முந்தைய நுனியைக் கடந்தும் போகலாம். இந்த விகிதம் மாறும்போது அளக்கப்படும் நுனியும் சற்று நகர்கிறது என்று கண்டு, அதற்குத் திருத்தமும் செய்து அவர்கள் கணித்த மாறிலி 73.22. வேறொரு குழு அதற்கு முந்தைய ஆண்டில், இதே என்.ஜி.சி. 4258ஐ அடிப்படையாகக் கொண்டு, வேறு வகைப் பகுப்பாய்வில் 71.5 என்று கண்டிருந்தது. அடித்தளம் ஒரே மண்டலம்; விளிம்பைத் தேடிய முறையும் சூப்பர்நோவாத் தரவைத் திருத்திய விதமும் வேறு.

இதைவிட என்னை ஆழமாகப் பாதித்தது ரிச்சர்ட் ஆண்டர்சனும் அவருடைய குழுவினரும் 2024இல் வெளியிட்ட ஆய்வு. நுனிக்கு அருகிலுள்ள செம்பெருமீன்கள் எல்லாமே மிகச் சிறிய அளவில் மினுங்குகின்றன என்றும், அந்த மினுக்கத்தின் கால அளவை வைத்து அவற்றை வெவ்வேறு வரிசைகளாகப் பிரிக்கலாம் என்றும் அவர்கள் மெகல்லன் மேகத்தில் காட்டினார்கள். இளைய விண்மீன்களைக் கொண்ட வரிசையின் நுனி, மூத்த விண்மீன்களைக் கொண்ட வரிசையின் நுனியைவிட 0.085 பொலிவெண் மங்கலாக இருந்தது. நாம் ஒரே விளிம்பு என்று நினைத்ததற்குள் இரண்டு விளிம்புகள் இருக்கின்றன. எந்தக் கூட்டத்தில் எந்த வரிசை மிகுதியோ அதைப் பொறுத்து, வடிகட்டி காட்டும் உச்சமும் நகரும். என் வரைபடத்தில் உச்சம் இரண்டாகப் பிளந்ததற்கு இதுவே காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். அதற்கு இரைச்சலே போதும். ஆனால் அந்த ஆய்வைப் படித்தபின், ஒரு மண்டலத்தின் எந்தப் பகுதியிலிருந்து விண்மீன்களை எடுக்கிறோம் என்ற கேள்வியை நான் முன்புபோல இலேசாக எடுத்துக்கொள்வதில்லை. தூசியும் இளைய விண்மீன்களும் நிறைந்த வட்டுப் பகுதியை விட்டு, மண்டலத்தின் வெளிவிளிம்பிலுள்ள வயதான விண்மீன்களையே எடுக்க வேண்டும் என்று ஃபிரீட்மன் குழு நெடுங்காலமாக வற்புறுத்திவருவதன் பொருளும் அப்போதுதான் முழுமையாக விளங்கியது. செஃபீடுகளைவிடச் செம்பெருமீன்களுக்கு உள்ள பெரிய நன்மையே அதுதான். செஃபீடுகள் இளையவை, நெரிசலும் தூசியும் மிக்க இடங்களை விட்டு வெளியே கிடைப்பதில்லை. செம்பெருமீன்களோ எங்கும் உள்ளன. அமைதியான இடத்தில் பார்த்து எடுத்துக்கொள்ளலாம்.

ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியின் தரவையும் சேர்த்து ஃபிரீட்மன் குழு 2025இல் வெளியிட்ட ஆய்வில், செம்பெருமீன் நுனியிலிருந்து கிடைத்த மாறிலி 70.39. அதன் அடித்தளம் என்.ஜி.சி. 4258இன் மேசர் தொலைவு. இந்த எண்ணைக் கண்டதும் சிக்கல் தீர்ந்துவிட்டது என்று எழுதியவர்களும் உண்டு, தீரவில்லை என்று எழுதியவர்களும் உண்டு. கூடவே தரப்பட்டிருக்கும் பிழை எல்லைகளைப் பார்த்தால் இரண்டு முடிவுக்கும் இப்போது இடமில்லை என்பதே என் கருத்து. வெப் எவ்வளவு கூர்மையாகப் பார்த்தாலும், நுனியின் மதிப்பு ஒரே ஒரு மண்டலத்தின் தொலைவைப் பற்றித் தொங்கிக்கொண்டிருக்கும் வரை, அந்த மண்டலத்துக்கே உரிய தனித்தன்மை எல்லாத் தொலைவுகளிலும் கூடவே வரும். மேசர் வட்டோடு, போதிய அளவு அருகிலும் அமைந்த இன்னொரு மண்டலம் கிடைத்திருந்தால் நிலைமை வேறாக இருந்திருக்கும்.

ஆகவே என் கவனம் மறுபடியும் ஒமேகா சென்டாரியின் பக்கம் திரும்பியிருக்கிறது. கையா 2025 ஜனவரியில் தன் ஆய்வுப் பணியை முடித்துக்கொண்டது. இதுவரை வெளியான இடமாறு அளவீடுகள் அதன் முதல் 34 மாதத் தரவிலிருந்து வந்தவை. அடுத்து வரவிருக்கும் நான்காம் தரவு வெளியீடு 66 மாதத் தரவைக் கொண்டது. அது 2026 டிசம்பரில் வரும் என்று ஐரோப்பிய விண்வெளி முகமை அறிவித்திருக்கிறது. கூடுதல் காலத்தால் தற்செயல் பிழை குறைவது உறுதி. கருவியின் சாய்வு எவ்வளவு குறையும் என்பதைக் குவாசர்களே சொல்லும். அதற்குள் நான் செய்துவைக்க வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது: எந்த விண்மீன்களை எடுப்பேன், நிறத்தின் கோட்டை எங்கே கீறுவேன், மென்மையாக்கல் அகலம் எவ்வளவு என்பனவற்றை எல்லாம் இப்போதே முடிவு செய்து, காரணத்தோடு எழுதி, தேதியிட்டு இதே பக்கத்தில் வெளியிடப்போகிறேன். புதிய கோணங்கள் வந்து சேர்ந்த பிறகு, விடை மைனஸ் 3.97இன் பக்கம் சாய்ந்தாலும் மைனஸ் 4.05இன் பக்கம் சாய்ந்தாலும், அந்த முடிவுகளில் ஒன்றையும் தொடாமல் நிரலை ஒரே ஒருமுறை ஓட்டுவேன். வருகிற எண்ணை அப்படியே இங்கே எழுதுவேன்.